விளிம்பில் தெரியும் தரம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள எல்லையோரச் சிற்றூர்களில் இன்று எழும் வீடுகளில், சுவர் எழுப்பி மேல்தளம் வார்த்து முடிந்தபின் வரும் செலவுகளில் கணிசமான ஒன்று, கடைகளில் 'ஷீட்' என்று பொதுப்பெயரால் வழங்கும் பரப்புப் பொருள்களுக்கானது. ஆலையில் ஒரே சீரான தடிமனில் செய்யப்பட்டு, பெரும்பாலும் எட்டடி நீளமும் நான்கடி அகலமுமாக வந்துசேரும் ப்ளைவுட், பிளாக்போர்டு, மரத்தூளையும் நாரையும் பிசினோடு அழுத்திச் செய்த பலகைகள், பிவிசி நுரைப்பலகை, சிமெண்ட் நார்ப்பலகை, மேலொட்டும் மைக்கா, கூரைத் தகடு ஆகியவை இவ்வகையில் அடங்கும். இவற்றைத் தேர்ந்தெடுப்பது வீட்டுக்காரரின் வேலை என்றும் அறுப்பது ஆசாரியின் வேலை என்றும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பரவலாக இருந்தாலும், இரண்டும் ஒரே தீர்மானத்தின் இரு பகுதிகள் என்பதையும், அத்தீர்மானம் கடைக்குப் போவதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டியது என்பதையும் இப்பகுதியின் மழையும் மண்ணும் மரவரலாறும் உணர்த்துகின்றன.

திருவிதாங்கூரின் தென்பகுதியில் வீடென்றால் தடி என்பதே பழைய நிலை. தடி என்று இங்கே சொல்லப்படுவது கட்டுமானத்துக்கு உதவும் மரம். அதிலும் பிலா எனப்படும் பலாவும், மலையாளத்தில் ஆஞ்ஞிலி எனப்படும் அயினியும் வீட்டைச் சூழ்ந்த புரையிடத்திலேயே வளர்ந்து, அந்த வீட்டின் நிலைக்கும் கதவுக்கும் உத்திரத்துக்கும் பயன்பட்டன. செங்கல்லோ வெட்டுகல்லோ இல்லாமல் மரப்பலகைகளையே சுவராக நிறுத்திய 'அறையும் நிரையும்' என்ற அமைப்பில், அறை என்பது நெல்லும் பொருளும் காக்கும் மரஅறையையும், நிரை என்பது சட்டங்களின் பள்ளத்தில் அடுத்தடுத்துச் செருகப்பட்ட பலகைச் சுவரையும் குறிக்கும். பலகையை ஆணியடித்து இறுக்காமல் பள்ளத்தில் செருகியதற்குக் காரணம் உண்டு. மரம் மழைக்காலத்தில் ஈரத்தை ஏற்று அகலவாக்கில் விரிந்து, வெயில் காலத்தில் சுருங்கும். நீளவாக்கில் அந்த மாற்றம் மிகக் குறைவு. இந்த அசைவுக்கு இடம்விட்டுச் செய்த வேலைப்பாடு எத்தனை காலம் நிலைக்கும் என்பதற்கு, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனை சான்று.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் இத்தென்பகுதியிலிருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தாலும் மரவேலையின் மரபு பிரியவில்லை. 24 விரல் கொண்டதும் ஏறக்குறைய 72 செண்டிமீட்டர் நீளமுள்ளதுமான கோலால் அளந்து, மரத்தைத் தட்டிப் பார்த்து, வைரம் எதுவரை, வெள்ளை எதுவரை என்று கண்ணால் பிரித்தறியும் ஆசாரிமார் எல்லையின் இருபுறமும் இருந்தனர். வைரம் என்பது மரத்தின் நடுவிலுள்ள முதிர்ந்த, பூச்சி எளிதில் தொடாத பகுதி. வெள்ளை என்பது அதைச் சூழ்ந்த இளைய பகுதி. அறுத்த தடியின் முனையைப் பார்த்தாலே இவ்விரண்டும் தெரிந்துவிடுவதால், பொருளின் தரம் வாங்குபவரின் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ப்ளைவுட்டின் வருகையோடு மறைந்தது இந்த வெளிப்படைத்தன்மைதான். கடையில் அடுக்கிவைத்த பலகை காட்டுவது அதன் முகத்தை மட்டுமே, முகம் எல்லாத் தரங்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

தடியிலிருந்து ப்ளைவுட்டுக்கு நடந்த இம்மாற்றத்தில் நீதிமன்றத்துக்கும் பங்குண்டு. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரியின் கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12ஆம் நாள் பிறந்த இடைக்கால ஆணை, நாடு முழுவதும் காடு என்பதன் வரையறையை விரித்ததோடு, அனுமதியின்றிக் காட்டுமரம் வெட்டுவதையும் வனப்பகுதிகளில் நடுவண் அரசின் முன்அனுமதியற்ற அறுவை ஆலைகள், ப்ளைவுட் ஆலைகள் இயங்குவதையும் தடுத்தது. காட்டுமரம் அரிதானபோது, கேரள ஆலைகள், குறிப்பாக எர்ணாகுளம் மாவட்டம் பெரும்பாவூரைச் சுற்றியுள்ளவை, பால் வற்றிய ரப்பர் மரத்தைப் பெருமளவில் நாடின. நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்குப் பகுதியிலும் எல்லைக்கு அப்பால் விளவங்கோட்டிலும் குன்றுகளை மூடி நிற்கும் அதே ரப்பர்தான் அது. ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்தபின் வெட்டப்பட்டு, லாரியேறி வடக்கே போய், ப்ளைவுட்டாகத் திரும்பி வருவதும் உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால், வெட்டிய சில நாள்களுக்குள் போரிக் அமிலமும் போராக்சும் கலந்த கரைசலிலோ வேறு மருந்திலோ பதப்படுத்தாவிட்டால், பூஞ்சையும் துளைப்பான் வண்டும் அதை விரைவில் பற்றிக்கொள்ளும். பதப்படுத்தினார்களா என்பதைப் பலகையின் முகத்தில் காண முடியாது.

ப்ளைவுட் உருவாகும் முறையை அறிந்தால், அதில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதும் விளங்கும். ஊறவைத்த அல்லது ஆவியில் வேகவைத்த மரத்துண்டைச் சுழலவிட்டு, நீண்ட கத்தியால் மெல்லிய தோலாக உரித்தெடுப்பார்கள். இத்தோலுக்கு வெனீர் என்று பெயர். வெனீர்களை உலர்த்தி, ஒன்றின் நாரோட்டம் அடுத்ததன் நாரோட்டத்துக்குக் குறுக்கே செல்லுமாறு ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கி, இடையே பிசின் பூசி, சூடான அழுத்தியில் இறுக்குவார்கள். நிரைப்பலகையைத் தச்சர்கள் பள்ளத்தில் செருகித் தீர்த்த சிக்கலை இந்தக் குறுக்கடுக்கு வேறு வழியில் தீர்க்கிறது. ஒரு வெனீர் அகலவாக்கில் விரிய முயலும்போது, அதற்குக் குறுக்கே ஓடும் வெனீர் அதை விடாமல் பிடித்துக்கொள்வதால், பலகை முழுவதும் அளவு மாறாமல் நிற்கிறது. ஆனால் அந்தப் பிடிப்பு முழுவதும் பிசினைப் பொறுத்தது. பிசின் தளர்ந்தால் பலகை தாள்தாளாகப் பிரிந்துவிடும்.

எனவே இந்தியத் தர நிர்ணயங்கள் ப்ளைவுட்டைப் பிசினின் நீர்த்தாங்கும் திறனைக் கொண்டே வகைப்படுத்துகின்றன. ஐஎஸ் 303 என்ற நிர்ணயத்தின்கீழ் வரும் எம்ஆர் வகை, காற்றின் ஈரத்தைத் தாங்கும், தேங்கிய நீரைத் தாங்காது. கடைகளில் இதைக் 'கமர்ஷியல்' என்பர். அதே நிர்ணயத்தின் பிடபிள்யூஆர் வகை, கொதிநீரை ஓரளவு தாங்குவது. ஐஎஸ் 710 என்பது 'மரைன்' எனப்படும் கடல்தர ப்ளைவுட்டுக்கானது. இதன் மாதிரித்துண்டு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தபின்னும் அடுக்கு பிரியாமல் இருக்க வேண்டும். எம்ஆர் வகைக்குப் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினும், கடல்தர வகைக்கு ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசினும் பயன்படுகின்றன. ப்ளைவுட்டுக்கும் பிற மரப்பலகைகளுக்கும் தரமுத்திரையைக் கட்டாயமாக்கும் நடுவண் அரசின் ஆணைகள் 2025ஆம் ஆண்டில் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளதால், முத்திரையோடு உரிம எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் என்ற கைப்பேசிச் செயலியில் இட்டு உறுதிசெய்வதும் வாங்குபவருக்கு எளிதாகியுள்ளது.

முத்திரையைப் பார்த்தபின் பார்க்க வேண்டியது விளிம்பு. பலகையின் உள்ளடக்கம் வெளித்தெரியும் இடம் அது ஒன்றுதான். அடுக்குகள் சமமான தடிமனில் இருக்கின்றனவா, ஓர் அடுக்கில் இரு வெனீர்த் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடு தட்டியிருக்கின்றனவா, துண்டுகளுக்கிடையே சந்து விழுந்திருக்கிறதா, அச்சந்து மரத்தூளும் பசையும் கலந்த மாவால் நிரப்பப்பட்டிருக்கிறதா என்பவை எல்லாம் விளிம்பில் தெரியும். ஃபீனால் பிசின் அடுக்குகளுக்கிடையே கருஞ்சிவப்புக் கோடாகவும் யூரியா பிசின் வெளிறியும் தோன்றும் என்றாலும், சாயத்தாலும் கருஞ்சிவப்பு நிறம் வரும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியன்று. ஐயமற அறிய வழி ஒன்றுண்டு: அந்த வகைப் பலகையின் கைப்பிடியளவு துண்டு ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி, சமையலுக்கு உதவாத பழைய பாத்திரத்தில் இட்டு, வீட்டுக்கு வெளியே அடுப்பு மூட்டி எட்டு மணி நேரம் கொதிக்கவிட்டால், தாழ்ந்த தரம் தன் அடுக்குகளைத் தானே பிரித்துக் காட்டிவிடும். ஆய்வுக்கூடச் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனாலும் எம்ஆர் பலகையை மரைன் விலைக்கு வாங்கிவிடாமல் இருக்க இது போதும்.

தரத்தை அறிந்தால் மட்டும் தேர்வு முடிந்துவிடாது. பலகை எங்கே நிற்கப்போகிறது என்பதே அடுத்த கேள்வி. திருவனந்தபுரம் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜூனில் தொடங்கும் இடவப்பாதியும் அக்டோபர், நவம்பரில் பெய்யும் துலாமழையும் சேர்ந்து, சுவர்கள் முழுமையாக உலரும் காலத்தைச் சுருக்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு, ரப்பரும் தென்னையும் நிற்கும் புரையிடங்களில் சிதல், அதாவது கறையான், தரையின் விரிசல் வழியே ஏறிவரும். இந்நிலையில் ஒரு வீட்டின் எல்லா மரவேலைக்கும் ஒரே பலகையை வாங்குவது, ஓரிடத்தில் பணத்தை வீணாக்குவதாகவும் இன்னோரிடத்தில் பலகையை வீணாக்குவதாகவும் முடியும். படுக்கையறையின் உட்சுவரோரம் நிற்கும் அலமாரிக்கு எம்ஆர் போதும். சமையலறையில் கழுவுதொட்டிக்குக் கீழே, குளியலறைச் சுவரின் மறுபுறம், மழை அடிக்கும் மேற்குச் சுவரோரம் ஆகிய இடங்களில் ஐஎஸ் 710 வகைகூட, அடியில் பிவிசி கால்களோ கல்மேடையோ கொடுத்துத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து இரண்டு செண்டிமீட்டர் விலக்கி நிறுத்தினால்தான் நீடிக்கும். ஏழடி உயரக் கதவுக்கு ப்ளைவுட்டைவிடப் பிளாக்போர்டு பொருத்தமானது; நடுவில் மரச்சட்டங்களை அடுக்கி இருபுறமும் வெனீர் ஒட்டிய பலகையாகிய இது, நீண்டு நிற்கும்போது வளைவது குறைவு. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப், மழமழப்பான பரப்பும் கூர்மையான வெட்டும் தருவது. ஆனால் அதன் சாதாரண வகை நீர்பட்டால் ஊதும், ஊதியபின் பழைய அளவுக்குத் திரும்பாது.

மழையையும் சிதலையும் சந்தித்துச் சலித்த கேரளத்து வீடுகள் கண்ட மாற்றுகள் இரண்டு. மல்ட்டிவுட் என்ற பெயரால் பரவலாக வழங்கும் பிவிசி நுரைப்பலகை முதலாவது. நீரில் ஊறாது, சிதல் அரிக்காது, மரம் அறுக்கும் கருவியாலேயே அறுபடும். ஆனால் மரநாரின் விறைப்பு இதற்கில்லாததால், நீண்ட தட்டாக வைத்துப் பாத்திரம் அடுக்கினால் நடுவில் தொய்யும். அடுப்பின் சூட்டருகே இளகும். திருகாணி ஒருமுறை கழன்றால் அதே துளையில் மீண்டும் பிடிக்காது. ஃபெரோசிமெண்ட் இரண்டாவது. கம்பிவலையைச் செறிவாக அடுக்கி, அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த சாந்தைப் பூசி, ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிமனில் வார்க்கும் இப்பலகை, பிரான்சின் ஜோசப் லூயி லாம்போ 19ஆம் நூற்றாண்டின் நடுவில் படகு கட்டக் கையாண்ட முறையின் வழிவந்தது. நீரும் சிதலும் இதை ஒன்றும் செய்யா. ஆயினும் ஒரு சதுர மீட்டர் அறுபது கிலோ அளவுக்குக் கனக்கும் என்பதாலும், வார்த்தபின் வீட்டில் வைத்து நேர்த்தியாக வெட்ட இயலாது என்பதாலும், ஒவ்வொரு பலகையின் அளவையும் முன்கூட்டியே எழுதிக்கொடுத்துச் செய்விக்க வேண்டியிருக்கிறது. வரைபடம் இல்லாமல் வாங்க முடியாத பொருள் இது ஒன்றே என்பதால், அளவு எழுதும் ஒழுக்கத்தைப் பல வீட்டுக்காரர்களுக்கு இதுதான் கற்பிக்கிறது.

எல்லையோர மக்களுக்குக் கடைத்தெருக்கள் இரண்டு. நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் கடைகள் ஒருபுறம், களியக்காவிளை, மார்த்தாண்டம் கடைகள் மறுபுறம் என்று விலை கேட்டு அலையும் வழக்கத்துக்கு, அமரவிளை வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்த காலத்தில் இரு மாநில வரி வேறுபாடும் ஒரு காரணமாயிருந்தது. 2017 ஜூலை முதல் நாளில் சரக்கு சேவை வரி வந்தபின் வரி இரண்டிடத்திலும் ஒன்றாகிவிட்டது. தொடக்கத்தில் 28 விழுக்காடாக இருந்த ப்ளைவுட்டின் வரி அதே ஆண்டு நவம்பரில் 18 விழுக்காடாகக் குறைந்தது. இன்று இரு கடைகளுக்கிடையே பெரிய விலை வேறுபாடு தென்பட்டால், அது வரியால் வந்தது என்று எண்ணாமல், தரத்தாலோ தடிமனாலோ பில் இல்லாத விற்பனையாலோ வந்ததா என்று ஆராய வேண்டும். 18 மில்லிமீட்டர் என்று விற்கும் பலகையை அளவுகோல் வைத்துப் பார்ப்பதும், ஏற்றுகூலி, இறக்குகூலி, மாநில எல்லை கடக்கும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு வேண்டிய இ-வே பில் ஆகியவற்றைக் கணக்கில் சேர்ப்பதும் மலிவு எது என்பதைத் தெளிவாக்கும்.

இனி அளவு. எட்டுக்கு நான்கு என்ற பலகை மில்லிமீட்டரில் 2440க்கு 1220 ஆகும். வீட்டில் தட்டு அமைக்க நினைப்பவர், நான்கடி அகலத்திலிருந்து ஓரடி அகலமுள்ள நான்கு தட்டுகள் கிடைக்கும் என்று எளிதாகக் கணக்கிட்டுவிடுவார், அவ்வாறு கிடைக்காது. வாளின் பல் செல்லும் வழி ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிடுகிறது. நான்கு தட்டுக்கு மூன்று வெட்டு, மூன்று வெட்டுக்கு ஒன்பது மில்லிமீட்டர். எனவே ஒவ்வொரு தட்டும் 302 மில்லிமீட்டருக்குள் அடங்கினால்தான் நான்கும் ஒரே பலகையில் வரும். சமையலறை அடிப்பெட்டியின் பக்கப்பலகை 720 மில்லிமீட்டர் உயரமும் 560 மில்லிமீட்டர் ஆழமும் கொண்டதாக இருந்தால், ஒரு ஷீட்டில் ஆறு பலகைகள் கிடைக்கும். ஒன்பது செண்டிமீட்டர் அகல நீளத்துண்டு ஒன்றும் மிஞ்சி அடிப்பட்டைக்கு உதவும். ஆழத்தை ஆறு செண்டிமீட்டர் கூட்டி 620 என்று வைத்தால், குறுக்கே ஒன்றுதான் அடங்கும். ஆறு மூன்றாகிவிடும், ஷீட்டின் எண்ணிக்கை இரட்டிக்கும். பழைய ஆசாரியின் கோலும் இன்றைய அடுக்களைப் பெட்டியின் உயரமும் 72 செண்டிமீட்டரில் ஒத்துப்போவது தற்செயலே என்றாலும், பழைய தச்சர் கோலுக்கு ஏற்ப வீட்டை வகுத்ததுபோல இன்றைய வீட்டுக்காரர் ஷீட்டுக்கு ஏற்ப அலமாரியை வகுப்பதே சிக்கனம்.

அளவோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது நாரோட்டம். எட்டடிப் பலகையில் முகவெனீரின் நார் பொதுவாக எட்டடி வாக்கிலேயே ஓடுகிறது. அந்தத் திசையில்தான் பலகை வளையாமல் கனம் தாங்கும். மிச்சம் பிடிக்கும் ஆர்வத்தில் தட்டின் நீளத்தை நான்கடி வாக்கில் எடுத்தால், அதே பலகை விரைவில் தொய்யும். தடிமனை ஒன்றரை மடங்காக்கி 12 மில்லிமீட்டரிலிருந்து 18 மில்லிமீட்டருக்குப் போனால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆனால் தாங்கிகளுக்கிடையே உள்ள தூரத்தை இருமடங்காக்கினால், ஒரே சீராகப் பரவிய சுமையில் தொய்வு பதினாறு மடங்காகிறது. ஆகவே புத்தகமோ அரிசிப் பானையோ தாங்கும் தட்டுக்கு, விலையுயர்ந்த தடித்த பலகையைத் தேடுவதைவிட, நடுவில் ஒரு குறுக்குப்பலகை நிறுத்துவதே அறிவுடைமை.

அறுக்கும் கருவியும் அறுக்கும் முறையும் பலகைக்குப் பலகை மாறும். கையில் பிடித்து ஓட்டும் வட்டவாளின் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி வெட்டுவதால் மேற்பரப்பில்தான் சிலும்பு எழும். எனவே நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுக்க வேண்டும். மேசையில் பதித்த வாளில் பல் மேலிருந்து கீழிறங்குவதால் நல்ல முகம் மேலே இருக்க வேண்டும். வெட்டுக்கோட்டின்மேல் காகித ஒட்டுநாடாவை ஒட்டி, கூர்கத்தியால் ஒருமுறை கீறிவிட்டு அறுத்தால் முகவெனீர் சிதறாது. வெட்டின் இருபுறமும் பலகை தாங்கப்பட்டிருக்க வேண்டும். தாங்காத துண்டு தொங்கி, வாளைக் கவ்வி, கருவியைத் திருப்பி வீசும். இப்பகுதியின் வேலையிடங்களில், கல் அறுப்பதற்காகச் செய்யப்பட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் சிறு கட்டரில் மரப்பல் சில்லைப் பொருத்தி ப்ளைவுட் அறுப்பது காணக்கூடிய காட்சி. அந்த வேகத்துக்குச் செய்யப்படாத சில்லும், மரத்துக்குரிய காப்பு இல்லாத கருவியும் சேரும்போது விரலுக்கு ஆபத்து நேர்கிறது. அளவு எழுதிய தாளைக் கொடுத்தால் ஷீட் அறுத்துத் தரும் கடை அருகில் இருக்குமானால், நீண்ட வெட்டுகளை அங்கேயே முடித்துக்கொள்வது கூலியையும் காயத்தையும் குறைக்கும்.

அறுத்தபின் வெளிப்படும் விளிம்பு, முன்பு சோதனைக்கு உதவியதுபோலவே, இப்போது காப்புக்கும் உரியது. ப்ளைவுட்டுக்குள் நீர் நுழையும் வழி பெரும்பாலும் அறுத்த விளிம்பும் திருகாணித் துளையும்தான். ஆகவே விளிம்பில் நாடா ஒட்டுவதற்கு முன், சுவர்ப்பக்கம் மறையும் விளிம்புகளையும் சேர்த்து, பெயிண்டோ நீர்காப்புப் பூச்சோ கொடுக்க வேண்டும். கதவின் முன்முகத்தில் மைக்கா ஒட்டி, பின்முகத்தை வெறுமனே விட்டால், இருபுறமும் ஈரம் ஏறும் அளவு வேறுபட்டுக் கதவு கோணும். விலை குறைந்த மெல்லிய மைக்காவையேனும் பின்புறம் ஒட்டுவது அதனால்தான்.

அறுக்கும்போது பறக்கும் தூளைப் பற்றிய கவனம் இன்னும் குறைவு. மரத்தூளும், பிசினிலிருந்து எழும் ஃபார்மால்டிஹைடும், சிமெண்ட் நார்ப்பலகையிலும் கல்பலகையிலும் உள்ள படிகச் சிலிக்காவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. சிலிக்காத் தூளால் இளம் தொழிலாளர்களின் நுரையீரல் கெட்டதைக் கண்ட ஆஸ்திரேலியா, சமையல்மேடைக்குப் பயன்படும் செயற்கைக் கற்பலகையை 2024 ஜூலை முதல் தடைசெய்துவிட்டது. இங்கே தடை இல்லாத நிலையில், திறந்த வெளியில், நீர் தெளித்து, துணிக்குப் பதிலாக நுண்தூள் தடுக்கும் முகமூடி அணிந்து அறுப்பதுதான் காப்பு. பழைய கூரையிலிருந்து இறக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை எந்தக் கருவியாலும் அறுக்கவே கூடாது. அதை நனைத்து, உடைக்காமல், முழுத்தகடாகவே இறக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் உடல்நலம் அவர்களது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1995இல் கூறிவிட்டபோதிலும், வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கலந்த கூரைத்தகடு இந்தியாவில் இன்னும் விற்பனையில் இருக்கிறது.

வார்ப்புத்தளத்தின்மேல் இரும்புச் சட்டம் எழுப்பித் தகடு வேயும் 'ட்ரஸ் ஒர்க்' இப்பகுதியில் பெருகியிருப்பதால், கூரைத்தகட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 55 விழுக்காடு அலுமினியமும் எஞ்சியதில் பெரும்பகுதி துத்தநாகமுமாகப் பூசப்பட்ட எஃகுத் தகடு, துத்தநாகம் மட்டும் பூசியதைவிடப் பொதுவாக நீண்டு உழைப்பது. பூவார், பொழியூர்க் கடற்கரையின் உப்புக்காற்று எட்டும் ஊர்களில் இந்த வேறுபாடு கூரையின் ஆயுளையே தீர்மானிக்கும். ஆனால் அதைச் சாணைச்சில்லால் அறுத்தால், சூட்டில் விளிம்பின் பூச்சு கருகுவதோடு, பறக்கும் தீப்பொறியின் இரும்புத்துகள்கள் தகட்டின்மேல் ஒட்டி, அடுத்த மழையிலேயே துருப்புள்ளிகளாகும். தகரக் கத்தரியோ கடித்து வெட்டும் கருவியோதான் இதற்கு ஏற்றது. கூரையின் நீளத்தை முன்கூட்டியே சொல்லி, ஆலையிலேயே அளவுக்கு வெட்டி வாங்கிவிட்டால் அதுவும் வேண்டாம்.

இவ்வாறு பார்த்துவந்தால், ஒவ்வொரு பொருளிலும் அறுப்பின் முறை தேர்விலேயே அடங்கியிருப்பது புலனாகும். பிலாவும் அயினியும் தம் தரத்தைத் தாமே காட்டி நின்ற காலத்தில், ஆசாரியின் கண் ஒன்றே போதுமானதாக இருந்தது. தரத்தை முகத்துக்குப் பின்னால் மறைத்துவரும் இன்றைய பலகையை வாங்க, அந்தக் கண்ணோடு ஒரு வரைபடமும் ஒரு சோதனைத்துண்டும் சேர்ந்தாக வேண்டும். வீட்டு வேலை தொடங்க இருப்பவர்கள், கடைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், எந்தப் பலகை எந்தச் சுவரோரம் நிற்கும் என்று அறைவாரியாக எழுதி, ஆசாரியோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஷீட்டின் வெட்டையும் தாளில் கோடிட்டு, வாளின் மூன்று மில்லிமீட்டரையும் கழித்துப் பார்த்துவிட வேண்டும். அதற்குச் செலவாகும் ஒரு மாலைப்பொழுது, வாங்கும் ஷீட்டின் எண்ணிக்கையையும், மாற்றிச் செய்யும் வேலையையும், மழைக்காலத்தில் ஊதிப்போகும் கதவையும் ஒருங்கே குறைக்கும்.